அய்யாசாமியின் வாய்க்கட்டு

அய்யாசாமி எனக்கு அண்ணன் மகன். எங்கள் அப்பாவுக்கு ஆண் மூன்று, பெண் இரண்டு. மூத்தவர் சென்னிமலை, கோயில் காரியம் எல்லாம் அவர் கையில். நடு ஆள் குப்புசாமி. ஆண்களில் கடைசி நான். அக்காமார் இருவரையும் கொள்ளேகாலத்தில் கொடுத்திருந்தது. ஒருத்தி போய்ச் சேர்ந்துவிட்டாள், இன்னொருத்தி கண் தெரியாமல் இருக்கிறாள். குப்புசாமிக்கு அய்யாசாமி ஒரே பிள்ளை. அவன் ஊரில் வளராமல் மைசூரில் வளர்ந்ததற்குக் காரணம் ஒரு குளவி.

எங்கள் ஊர் ஹனூருக்குக் கிழக்கே மலையடியில். மூன்று வருடத்துக்கு ஒரு தரம் ஐப்பசியில் அம்மனுக்குச் சாட்டுத் திருவிழா. சாட்டுக்குத் தண்ணீர் கல்லாற்றின் ஊற்றுக்கண்ணிலிருந்துதான் வரவேண்டும். விடிய ஏறி, மூன்று அருவி தாண்டி, ஊற்றில் குடத்தை நிரப்பி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். குடம் எடுப்பவன் ஊற்றில் குளித்து, மஞ்சள் துணியால் வாயைக் கட்டிக்கொள்வான். அவன்தான் முன்னால் நடப்பான். குடம் தரையில் படக்கூடாது. அம்மன் முன்னால் குடத்தை வைத்து, பூசாரி கட்டை அவிழ்க்கும் வரை ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் அந்தத் தண்ணீர் ஆகாது. கொட்டிவிட வேண்டியதுதான். அந்த முறை சாட்டும் இல்லை.

அறுபத்தொன்பதில் குப்புசாமி அண்ணன் குடம் எடுத்தார். பாதி வழியில் குளவி அவர் கண்ணிமையில் கொட்டியது. "அய்யோ" என்றார். அவ்வளவுதான் அவர் பேசியது. சென்னிமலை அண்ணன் குடத்தை வாங்கி அதே இடத்தில் கவிழ்த்தார். சாட்டு நின்றது. அடுத்த வருடம் மழையும் ஏமாற்றியது. ராகி தலை வைக்காமல் காய்ந்தது. வாய்விட்டான் என்று அண்ணனுக்குப் பெயர் வைத்தார்கள். அண்ணி கிணற்றுக்குப் போனால் மற்றப் பெண்கள் குடத்தை எடுத்துக்கொண்டு நகர்ந்து போனார்கள். ஒரு நாள் அண்ணன் மனைவியையும் எட்டு வயதுப் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு மைசூருக்குப் பஸ் ஏறினார். பஸ் நிற்கும் இடம் வரை மூட்டையைத் தூக்கிப் போனவன் நான். போகாதே என்று நான் சொல்லவில்லை.

மைசூரில் அவர் கலவை போட்டார், கல் சுமந்தார். அய்யாசாமியும் பத்து வயதிலிருந்து கட்டட வேலைதான். பிற்பாடு ஹெப்பாளில் ஒரு கம்பெனியில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலைக்குப் போய், அங்கேயே நிரந்தரமானான். நல்ல ஆள். குடி இல்லை, கூத்து இல்லை, பேச்சும் குறைவு. அக்ரஹாரத்தில் கோயில் வாசலில் பூக்கட்டி விற்கும் கமலம்மாளின் மகள் லீலாவைக் கட்டினான். அவர்களும் தர்மபுரிப் பக்கத்துத் தமிழர்கள்தான். மூன்று தலைமுறையாக மைசூர். லீலாவுக்கு ஒரே தம்பி உதயகுமார், ஆட்டோ ஓட்டுகிறவன்.

தொண்ணூற்று மூன்றில் குப்புசாமி அண்ணன் செத்தார். எங்கள் பக்கத்திலிருந்து போனது நானும் மூத்த அக்காவும் மட்டும். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது அய்யாசாமி என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டான்.

"சித்தப்பா, எம்புள்ளைக்கும் அந்தப் பேருதானுங்களா?"

அவன் மகள் மனிஷாவுக்கு அப்போது மூன்று வயது. காது குத்தவில்லை. எங்கள் வழக்கத்தில் அம்மன் கோயிலில்தான் முதல் காது குத்து. கோயிலார் கூப்பிட்டால்தான் குத்த முடியும். வாய்விட்டான் வீட்டை யார் கூப்பிடுவார்கள்? ஆறு வயதாகியும் அந்தக் குழந்தை மூளிக்காதோடு பள்ளிக்கூடம் போனது. வேறு எங்காவது குத்தலாம் என்று லீலா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவன் அசையவில்லை.

தொண்ணூற்றாறில் சாட்டு வந்தது. வழக்கமாகக் குடம் எடுக்கிறவருக்குக் கைகால் விழுந்துவிட்டது. அதனால் பூக்கேட்டார்கள். ஒவ்வொரு ஆள் பேருக்கும் வெள்ளைப்பூ ஒரு பொட்டலம், சிவப்புப்பூ ஒரு பொட்டலம் கட்டி அம்மன் காலடியில் போட்டு ஒன்றை எடுப்பது. வெள்ளை வந்தால் உத்தரவு. இரண்டு பேருக்குச் சிவப்பு வந்தது. மூன்றாவது பேராக நான் அய்யாசாமியைச் சொன்னேன். சென்னிமலை அண்ணன் என்னை முறைத்தார். வெள்ளை வந்தது. நம்பாமல் திரும்பக் கேட்டார். மறுபடியும் வெள்ளை.

சேதி சொல்ல நானே மைசூர் போனேன். உதயகுமாரும் அங்கே இருந்தான், காக்கிச் சட்டையோடு தரையில் உட்கார்ந்து தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டு.

"வெள்ளப்பூவுங்களா சித்தப்பா? நெசமாலுமா?"

"ரெண்டு தடவ கேட்டாச்சுடா. உம்பட பேருக்குத்தான். சாட்டு நல்லபடியா முடிஞ்சா மூணாம் நாளு கொழந்தைக்குக் காது குத்திக்கலாம்னு பெரியப்பனே சொல்லீட்டாரு."

அய்யாசாமி எழுந்து வெளியே போய்விட்டான். முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

உதயகுமார் சிரித்தான். "காலேலருந்து சாயங்காலம் வரைக்கும் மாமா பேசாம இருக்கணுமா? அக்கா, உனக்கு லாட்டரி!"

"வீட்ல மட்டும் பாட்டுக் கச்சேரியா நடக்குது? இங்க பேசறதே வருஷத்துக்கு நாலு வார்த்தை" என்றாள் லீலா.

"காது குத்துன்னா மடி என்னுது. பேண்ட்ட இஸ்திரி போட்டு வச்சிருக்கேன். மாமா, நானும் மலைக்கு வர்றேன். ஆறு பொறக்கற எடம் பார்த்ததே இல்ல. சக்கத்தா இருக்குமாமே! கேமரா ஒண்ணு எரவல் கேட்டிருக்கேன்."

லீலா புருஷனைப் பார்த்தாள். "இவன ஒரு கண்ணு பாத்துக்குங்க. பாறையக் கண்டா குதிப்பான்."

"நான் இருக்கறேன்ல" என்றான் அய்யாசாமி.

மலையில் போலீஸ் கெடுபிடி அதிகமாக இருந்த காலம் அது. காட்டு வாசலில் எல்லார் பெயரும் எழுதிக்கொடுத்து, ஐந்து மணிக்குள் திரும்புவதாகச் சொன்னால்தான் விடுவார்கள். ஆறு பேர் போனோம். அய்யாசாமி, உதயகுமார், நான், சென்னிமலை அண்ணன், பங்காளி ஒருவர், வழிகாட்ட ஜடையன். ஜடையன் அந்த மலையிலேயே பிறந்த சோளகர், என் வயதுக்காரர். கிளம்பும்போதே மேற்கே பார்த்து மூக்கைச் சுருக்கினார்.

"மேலெ கப்பு மோட. பேக இளீபேகு" என்றார். மேலே கருமேகம் இருக்கிறது, சீக்கிரம் இறங்கிவிட வேண்டும் என்று அர்த்தம்.

ஏறும்போது வெயில் நன்றாகத்தான் இருந்தது. கீழ் அருவி ஒரு பனை உயரம். அதன் சாரலில் பாறையெல்லாம் பச்சைப் பாசி. அதைத் தாண்டினால் மூங்கில் காடு, யானை ஒடித்துப் போட்டிருந்த மூங்கில்கள் வழியை மறித்தன. அட்டைக்குப் பயந்து கால் முழுக்கப் புகையிலைச் சாறு தடவியிருந்தோம். உதயகுமார் மட்டும் ஷூ போட்டுக்கொண்டு வந்து, பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் ஷூவைக் கழற்றி அட்டை பிடுங்கினான்.

"எனக்கு எதுக்கு ஆட்டோ? இதுங்களப் பாருங்க, காசில்லாம சவாரி வருது!"

சென்னிமலை அண்ணனுக்குக்கூடச் சிரிப்பு வந்தது. நெல்லிக்காய் பறித்து அவருக்கு ஊட்டிவிடப் போனான். "கோயிலுக்குப் போறப்ப என்றா வெளையாட்டு" என்று அதட்டினார், ஆனால் வாங்கி மடியில் கட்டிக்கொண்டார்.

நடு அருவிக்கு மேலேதான் ஆற்றைக் கடக்கிற இடம். இருபதடி அகலத்துக்கு ஒரே பாறை, களத்துமேடு போலச் சமமாக. தண்ணீர் கணுக்கால் அளவு அதன்மேல் வழிந்துபோய், பத்தடி தள்ளி அருவியாக விழுகிறது. விழுகிற சத்தத்தில் பக்கத்தில் நிற்பவன் பேசினால்கூடக் கேட்காது. எங்கள் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கடந்த பாறை. அங்கே யார் உயிரும் போனதில்லை.

மேல் அருவி மெலிந்தது, பெண்பிள்ளை முடியை விரித்துப்போட்டது மாதிரி. அதற்கு மேலே புல்மேடு. புல்மேட்டின் மடிப்பில் ஒரு கொத்து மரம். நாவல் மரத்து வேருக்கு அடியில், சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு குழி. அதுதான் கல்லாறு பிறக்கும் இடம். அடியிலே மணல் கொதிக்கிற மாதிரி அசையும், தண்ணீர் சத்தமில்லாமல் பொங்கி வழியும்.

"இவ்ளோதானா!" என்றான் உதயகுமார். பிறகு குப்புற விழுந்து வாய்வைத்துக் குடித்தான். "மாமா, இத மனிஷாக்கு ஒரு பாட்டில் எடுத்துக்கலாமா?"

"எடுத்துக்கோ" என்றான் அய்யாசாமி. அதுதான் அவனிடம் கடைசியாகப் பேசியது.

குளித்தான். செப்புக்குடத்தை நிரப்பி, மாவிலை வைத்து, அதன் வாயை வாழை நாரால் கட்டினோம். மஞ்சள் துணியை அவன் வாயில் கட்டியவர் சென்னிமலை அண்ணன். இறுக்கிக் கட்டினார். "உங்கொப்பன் பேரக் கழுவறது உங்கையில இருக்குது" என்றார். அய்யாசாமி தலையாட்டிவிட்டுக் குடத்தை வலது தோளில் ஏற்றி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நடந்தான்.

மணி பன்னிரண்டரை இருக்கும். புல்மேட்டிலேயே எங்களுக்குப் பின்னால் இடி கேட்டது. எங்கள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. மலையின் மறுபக்கம் இருட்டிக்கொண்டிருந்தது. ஜடையன் பின்னாலிருந்து விரட்டிக்கொண்டே வந்தார். சென்னிமலை அண்ணனுக்கு முட்டிவலி. அவரைத் தாங்கிப் பிடித்து இறக்குவதில் நாங்கள் நால்வரும் பின்தங்கிவிட்டோம். அய்யாசாமியும் அவன் பின்னால் உதயகுமாரும் முன்னால் போய்விட்டார்கள்.

நடு அருவிப் பாறைக்கு மேலே, சரிவில் ஐம்பது அடி உயரத்தில் நாங்கள் வரும்போது அய்யாசாமி கடந்து முடித்திருந்தான். அக்கரையில் பாதை ஒரு பாறையைச் சுற்றி ஏறுகிறது. அந்தத் திருப்பத்தில் நடப்பவன் முகம் தானாகவே ஆறு வருகிற பக்கம் பார்க்கும். எங்களுக்கு அந்தப் பக்கத்தை மூங்கில் மறைத்திருந்தது. அவனுக்கு மறைப்பு இல்லை.

உதயகுமார் பாறையின் நடுவில் உட்கார்ந்து ஷூவைக் கழற்றி அட்டை பிடுங்கிக்கொண்டிருந்தான். கேமரா கழுத்தில் தொங்கியது.

நான் அய்யாசாமியின் முகத்தைப் பார்த்தேன். திருப்பத்தில் நின்றுவிட்டான். கண் விரிந்தது. மஞ்சள் துணி உள்ளே போய் வெளியே வந்தது. கால் தரையை உதைத்தது, ஒரு தரம், இரண்டு தரம். மிரண்ட மாடு மாதிரி தொண்டைக்குள்ளிருந்து ஒரு சத்தம் போட்டிருக்க வேண்டும். அருவிச் சத்தத்தில் எங்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உதயகுமார் நிமிர்ந்து பார்த்தான். மாமன் அவசரப்படுத்துகிறான் என்று நினைத்தான் போலிருக்கிறது. கையை ஆட்டிச் சிரித்தான். எழுந்து, கேமராவைக் கண்ணில் வைத்து, குடத்தோடு நிற்கும் மாமனைப் படம் பிடிக்க நின்றான்.

ஒரு ஆள் பத்து எண்ணும் நேரம் இருக்கும். குடத்தை விட்டுவிட்டு இரண்டு கையையும் ஆட்டியிருந்தால் போதும். துணியை இழுத்துவிட்டு "ஓடுடா" என்று கத்தியிருந்தால், அந்த வாய் அசைவைப் பார்த்தே ஓடியிருப்பான். எனக்கு அப்போதும் என்னவென்று புரியவில்லை. புரிந்தபோது மூங்கிலுக்கு இந்தப் பக்கம் வந்துவிட்டது. செம்மண் கலந்த தண்ணீர், முன்னால் சருகும் கட்டையும் உருட்டிக்கொண்டு, இடுப்பு உயரத்துக்கு. நாங்கள் நால்வரும் கத்தினோம். உதயகுமார் எங்கள் பக்கம் திரும்பினான். திரும்பிய மேனிக்கே போனான். பாறையில் ஒரு ஷூ கூட மிஞ்சவில்லை.

அக்கரையில் அய்யாசாமி நின்றுகொண்டிருந்தான். தோளில் குடம் இருந்தது.

தண்ணீர் வடிய முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஜடையன் வேரைப் பிடித்து அருவிக்குக் கீழே இறங்கிப் பார்த்துவிட்டு வந்து கையை விரித்தார். நாங்கள் கயிறு பிடித்துக் கடந்தோம். அய்யாசாமி அதே இடத்தில் நின்றான். கண்ணீர் வழிந்து துணி நனைந்திருந்தது. குடத்தை என்னிடம் நீட்டினான். நீட்டினான் என்பதைச் சொல்லத்தான் வேண்டும். நான் கை நீட்டவில்லை, அண்ணனைப் பார்த்தேன்.

சென்னிமலை அண்ணன் சொன்னார்: "போன உசுரு போயிருச்சு. இப்பக் குடத்த எறக்குனா அவன் செத்ததும் வீணாப் போயிரும். நட."

அவன் என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன். அவன் நடந்தான்.

ஜடையன் மட்டும் "மனுஷரா நீவு?" என்று கேட்டுவிட்டு, எங்களோடு வராமல் ஆற்றோரமாகத் தேடப் போய்விட்டார்.

காட்டு வாசலில் ஆளைக் காணவில்லை என்று எழுதிக் கொடுத்தோம். அய்யாசாமி நிற்காமல் கோயிலுக்குப் போனான். கொட்டு முழங்கியது. பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் முன் குடம் இறங்கியது. பூசாரி கட்டை அவிழ்த்தபோது அவன் உதடு இரண்டும் வெள்ளையாகச் சுருங்கியிருந்தது. பேசவில்லை. மூன்றாம் நாள் கீழ் அருவிக்கு அப்பால், மரக்கிளை இடுக்கில் உதயகுமாரைக் கண்டுபிடித்தவர் ஜடையன்தான். அன்றைக்குத்தான் மனிஷாவுக்குக் காது குத்துவதாக இருந்தது.

அக்ரஹாரத்தில் பிணத்தை இறக்கியபோது கமலம்மாள் மண்ணில் புரண்டாள். லீலா அழவில்லை. என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓரமாகப் போனாள்.

"சித்தப்பா, நீங்க சொல்லுங்க. தண்ணி வந்தத யாரும் பாக்கலியா?"

"யாரு கண்ணு கண்டுதும்மா? கண்ணச் சிமிட்டறதுக்குள்ள வந்திருச்சு."

அவள் அய்யாசாமியிடமும் கேட்டாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அதை அவள் துக்கம் என்று எடுத்துக்கொண்டாள். மூன்று மாதம் அப்படித்தான் ஓடியது. அவனுக்குச் சோறு இறங்கவில்லை என்று இவளே கவலைப்பட்டு, மடியில் தலையை வைத்து ஊட்டிவிட்டாள் என்று கமலம்மாள் பிற்பாடு சொன்னாள்.

ஊரிலோ வாய்விட்டான் என்ற பெயர் ஒழிந்துபோனது. அந்தக் கார்த்திகையில் நல்ல மழை. வாய்காத்தான் என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக்கூட அவன் கதை தெரிந்துவிட்டது.

தை மாதம் சென்னிமலை அண்ணன் தானே மைசூர் கிளம்பினார். தட்டு, தேங்காய், குழந்தைக்குப் பாவாடைத்துணி எல்லாம் வாங்கிக்கொண்டார். மாசியில் காது குத்துக்கு நாள் குறித்து அழைக்க. நானும் கூடப் போனேன். லீலா அம்மா வீட்டில்தான் இருந்தாள், அய்யாசாமியும் வந்திருந்தான். மாமன் மடி இல்லையே என்று கமலம்மாள் கண்ணைத் துடைத்தாள்.

"எம்மடி இருக்குதும்மா" என்றார் அண்ணன். "இந்தக் கொழந்தைய மடில வெச்சுக்க நாந்தான் குடுத்து வெச்சிருக்கோணும். உம்பட மருமவன் சாமானியப்பட்ட ஆளா? மலையாட்டத் தண்ணி வருது, கண்ணால பாக்கறான். சொந்த மச்சினன் நடு ஆத்துல நிக்கறான். வாய தொறந்தானா? தொறக்கலியே! எங்க வம்சத்துல இப்படி ஒரு ஆளு இருந்ததில்ல தாயி."

நான் அவர் துண்டைப் பிடித்து இழுத்தேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். அவருக்கு அது மெய்யாகவே பெருமை. அந்தப் பெண்ணுக்கும் பெருமையாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார்.

லீலா கையிலிருந்த காப்பித் தம்ளரைக் கீழே வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பினாள்.

"பாத்தீங்களா?"

அய்யாசாமி சுவரைப் பார்த்தான்.

"உங்களத்தான் கேக்கறேன். பாத்தீங்களா, பாக்கலியா?"

"பாத்தேன்" என்றான்.

அவள் கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். எழுந்து, குழந்தை இருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கமலம்மாள் தட்டை எடுத்து, தேங்காய் உருளாமல் பிடித்துக்கொண்டு, அண்ணன் கையில் திருப்பிக் கொடுத்தாள். "எந்திரிங்க" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

லீலா அதற்குப் பிறகு அவனோடு வாழவில்லை. வக்கீல், பஞ்சாயத்து என்றும் போகவில்லை. தையல் மிஷின் ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு அம்மாவோடு இருந்துவிட்டாள். குழந்தைக்கு எங்கே, எப்போது காது குத்தினாள் என்று எங்களுக்குத் தெரியாது. அய்யாசாமி ஹெப்பாளிலேயே ஒரு அறை எடுத்தான். ஞாயிற்றுக்கிழமை அக்ரஹாரம் போய்த் தெருமுனையில் நிற்பானாம். மனிஷா வந்து பேசிவிட்டுப் போவாளாம். உள்ளே வா என்று லீலாவும் சொன்னதில்லை, இவனும் கேட்டதில்லை.

தொண்ணூற்றொன்பதில் அடுத்த சாட்டு வந்தது. இந்த முறை பூக்கூடக் கேட்கவில்லை. வாய்காத்தான் இருக்கும்போது வேறு ஆள் எதற்கு என்றார்கள். அழைத்து வரச் சொல்லி அண்ணன் என்னைத்தான் அனுப்பினார்.

கம்பெனி வாசல் எதிரில் டீக்கடையில் அவனைப் பார்த்தேன். முப்பத்தேழு வயதில் முடி முழுக்க நரைத்திருந்தது. சேதியைச் சொன்னேன். டீயை ஆற்றிக்கொண்டே இருந்தான்.

"அன்னிக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமுடா அய்யாசாமி" என்றேன். மூன்று வருடம் கழித்து, டீக்கடையில்.

அவன் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் கேட்டான்.

"குடத்த உங்ககிட்ட நீட்டுனேன். பெரியப்பன் நடன்னாரு. நீங்க என்ன சொன்னீங்க சித்தப்பா?"

கம்பெனியில் சங்கு ஊதியது. டீக்குக் காசு கொடுத்துவிட்டு, எனக்கும் சேர்த்துக் கொடுத்துவிட்டு, சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு உள்ளே போனான்.

மத்தியான பஸ்ஸில் சாமராஜநகர் வந்து, அங்கிருந்து ஊர் சேர்ந்தேன். கோயிலில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். என்னடா சொன்னான் என்று அண்ணன் கேட்டார்.

"டூட்டி இருக்குதாம். லீவு தரமாட்டேங்கறாங்களாம்" என்றேன்.